சீலோஜினி கிரிஸ்டாட்டாவுக்கு ஒரு கூரை

2025 பிப்ரவரி இரண்டாம் வாரத்தில், கோத்தகிரியில் எங்கள் வீட்டின் பின்புறம் தொங்கும் தேக்குக் கூடையில் வளரும் சீலோஜினி கிரிஸ்டாட்டா என்ற ஆர்க்கிட்டிலிருந்து ஒன்பது பூந்தண்டுகள் வளைந்து இறங்கி, அவற்றில் 47 பூக்கள் விரிந்தன. ஒவ்வொன்றும் ஏறக்குறைய எட்டு சென்டிமீட்டர் அகலம். இதழ்கள் பால் வெள்ளை. உதடு எனப்படும் கீழ் இதழின் நடுவில் மட்டும் சீப்புப் பற்களைப் போல எழும்பிய மஞ்சள் முகடுகள். கிரிஸ்டாட்டா என்ற பெயரே அந்த முகடுகளால் வந்தது. செடி என்னிடம் வந்து அன்றைக்குச் சரியாக நான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. முதல் மூன்று ஆண்டுகளில் நான் செய்தவற்றில் பெரும்பகுதி தவறு என்பதாலும், அந்தத் தவறுகளுக்கெல்லாம் தேதியும் செலவும் என் குறிப்பேட்டில் இருப்பதாலும், அவற்றை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

சீலோஜினி கிரிஸ்டாட்டா இமயமலைச் சரிவுகளில், நேபாளம், சிக்கிம், பூட்டான் பக்கங்களில், மரங்களின் மீதும் பாசி படர்ந்த பாறைகளின் மீதும் வளரும் தொற்றுத் தாவரம். எங்கள் ஊர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. ஜனவரி இரவுகளில் என் வீட்டு வெப்பமானி ஏழு, எட்டு டிகிரி வரை இறங்குகிறது. ஏப்ரல் நண்பகலிலும் 27ஐத் தாண்டுவது அரிது. குளிர் தேவைப்படும் செடிக்குக் குளிர்ந்த ஊர் கிடைத்துவிட்டது, இனி என்ன குறை என்றுதான் 2021 பிப்ரவரியில் அதை வரவழைத்தேன்.

காலிம்போங் பக்கத்து நர்சரி ஒன்றிலிருந்து வந்த செடி அது. விலை 850 ரூபாய், கூரியர் 240. நாற்றங்காலில் பெருக்கப்பட்ட செடி என்று பில்லில் எழுதி வாங்கிக்கொண்டேன். ஆர்க்கிட்டுகளைக் காட்டிலிருந்து பிடுங்கி வந்து மலைப்பாதை ஓரங்களில் விற்பவர்கள் உண்டு. அவர்களிடம் வாங்கும் செடிகள் பெரும்பாலும் ஓராண்டைத் தாண்டுவதில்லை. அது தவிர, சோலைக்காட்டில் ஒரு கிளை வெறுமையாகிவிட்டது என்பதும் உண்மை. பெட்டியைப் பிரித்தபோது, நனைந்த பாசியில் சுற்றப்பட்ட ஆறு குமிழ்கள், அதாவது நீரைச் சேர்த்துவைக்கும் பருத்த தண்டுகள், இருந்தன. கோழி முட்டையைவிடச் சற்றுச் சிறியவை, பளபளப்பான பச்சை, ஒவ்வொன்றின் தலையிலும் இரண்டு நீண்ட இலைகள். பயணத்தில் இரண்டு குமிழ்களின் அடி மிருதுவாகிவிட்டிருந்தது. அவற்றை வெட்டி, வெட்டுவாயில் சமையலறைப் பட்டைத் தூளைத் தடவினேன். மிச்சம் நான்கு.

முதல் தவறு அன்றைக்கே நடந்தது. ஆறு அங்குலப் பிளாஸ்டிக் தொட்டியில் தேங்காய் மட்டைத் துண்டுகளை நிரப்பி, அதில் செடியை வைத்தேன். மட்டைத் துண்டுகளைக் கடையில் "கழுவியது" என்று சொன்னதை அப்படியே நம்பினேன். புதிதாக வந்த வேர் நுனிகள் ஒன்றரை அங்குலம் வளர்ந்ததும் கறுத்து நின்றன. மே மாதத்துக்குள் இது மூன்று முறை நடந்தது. நான் முதலில் நீர் அதிகமாகிவிட்டது என்று நினைத்துக் குறைத்தேன், பிறகு குறைந்துவிட்டது என்று நினைத்துக் கூட்டினேன். ஜூன் மாதம் நீரில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் ஒன்றை 400 ரூபாய்க்கு வாங்கி, தொட்டியின் அடியிலிருந்து வடிந்த நீரில் வைத்துப் பார்த்தபோது 1,150 என்று காட்டியது. எங்கள் குழாய் நீர் 140, கூரையிலிருந்து பிடித்த மழைநீர் 12. மீதி உப்பு முழுவதும் மட்டையிலிருந்து வந்தது. மீதமிருந்த மட்டைத் துண்டுகளை ஒரு வாளியில் ஊறவைத்து, நாளுக்கு ஒரு முறை நீர் மாற்றி அளந்தேன். ஐந்தாம் நாள்தான் 200க்குக் கீழே வந்தது. மீட்டரை முதலிலேயே வாங்கியிருந்தால் நான்கு மாத வேர்கள் தப்பியிருக்கும்.

மட்டையின் மீது எரிச்சல் வந்ததும், நேரெதிர் பக்கத்துக்குத் தாவினேன். தொற்றுத் தாவரம் தொட்டியில் ஏன் இருக்க வேண்டும், மரத்திலேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன். தேயிலைத் தோட்டங்களில் நிழலுக்காக வளர்க்கும் சில்வர் ஓக் மரத்தின் கிளை ஒன்றைப் பக்கத்துத் தோட்டத்தில் கவாத்து செய்தபோது கேட்டு வாங்கினேன். இரண்டடி நீளம், ஐந்து அங்குலக் கனம், சொரசொரப்பான பட்டை. செடியின் அடியில் ஒரு கைப்பிடி ஸ்பாக்னம் பாசியை வைத்து, மீன்பிடி நரம்பால் கட்டினேன். பார்ப்பதற்கு மிக அழகாக இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 2021இன் மழைக்காலம் முழுவதும் வேர்கள் பட்டையோடு ஒட்டி ஓடின. நனைந்தால் பச்சையாகவும் காய்ந்தால் வெள்ளியாகவும் மாறும், வேரைப் போர்த்திய வெலாமன் என்ற அந்த உறையைத் தினமும் காலையில் பார்ப்பதே ஒரு வேலையாக இருந்தது.

சிக்கல் 2022 மார்ச்சில் தொடங்கியது. மார்ச், ஏப்ரல் மாதங்களில் பிற்பகலில் மலைக்காற்று உலர்ந்து வீசும். ஈரப்பதமானி 35 சதவீதம் வரை இறங்கும். கட்டையில் கட்டிய செடிக்கு அந்நாள்களில் மூன்று முறை தெளிக்க வேண்டியிருந்தது. மே மாதத்தில் கோயம்புத்தூரில் ஒரு திருமணத்துக்காக நான்கு நாள்கள் வீட்டைப் பூட்டிவிட்டுப் போய்த் திரும்பியபோது, குமிழ்கள் உலர்ந்த பேரீச்சையைப் போலச் சுருங்கியிருந்தன. அதே வாரத்தில் சில்வர் ஓக் பட்டையும் ஒரு பக்கமாக உரிந்து தொங்கத் தொடங்கியது. பட்டையோடு ஒட்டிய வேர்களும் உரிந்தன. அறுத்த கிளையின் பட்டை ஓராண்டில் கழன்றுவிடும் என்பது தோட்டத்தில் வேலை செய்யும் எவரைக் கேட்டிருந்தாலும் தெரிந்திருக்கும்.

கூடை என்ற எண்ணம் இந்த இரண்டு தோல்விகளுக்கும் நடுவில் பிறந்தது: தொட்டியைப் போல ஈரம் கொஞ்சம் நிற்க வேண்டும், கட்டையைப் போலக் காற்று நாலா பக்கமும் போக வேண்டும். மேலும் இந்தச் செடி பூந்தண்டைக் குமிழின் அடியிலிருந்து கீழ்நோக்கித் தள்ளுவது. விளிம்பு உயர்ந்த தொட்டியில் அது பூவோடு மடங்கிப்போகும். எங்கள் தெருவில் இருக்கும் தச்சரிடம் தேக்கு ரீப்பர் மிச்சங்கள் இருந்தன. ஒரு அங்குலத்துக்கு முக்கால் அங்குலம் கொண்ட சட்டங்களைப் பன்னிரண்டு அங்குல நீளத்தில் இருபது துண்டுகளாக அறுத்து, இரண்டிரண்டாகக் குறுக்கும் நெடுக்குமாக மாற்றி அடுக்கி, நான்கு மூலைகளிலும் துளையிட்டுக் கம்பி கோப்பதுதான் வடிவம். அடியில் ஏழு சட்டங்கள், இடையே முக்கால் அங்குல இடைவெளி.

"என்ன சார், அடியெல்லாம் சந்து விடச் சொல்றீங்க? போட்டதெல்லாம் கொட்டிடுமே" என்றார் தச்சர்.

"கொட்டாதுங்க அண்ணா, உள்ள போடறது மண்ணு இல்ல, பட்டைத் துண்டு" என்றேன். அவர் நம்பவில்லை; ஆனால் இடைவெளி அளக்க ஒரு முக்கால் அங்குலத் துண்டையே அளவுகோலாக வைத்து, ஒரு சட்டம்கூடப் பிசகாமல் அடித்துக் கொடுத்தார். மூலைகளுக்கு அவர் செம்புக் கம்பி எடுத்தபோதுதான் தடுத்தேன். செம்பின் கசிவு ஆர்க்கிட் வேர்களுக்கு ஆகாது. எவர்சில்வர் கம்பியே போட்டோம். மரத்துக்கு 350, கம்பிக்கு 120, கூலி 300, ஆக 770 ரூபாய். வார்னிஷ் எதுவும் அடிக்கவில்லை. மூன்று ஆண்டுகள் கழித்தும் ஒரு சட்டம்கூட இற்றுப்போகவில்லை.

உள்ளே போட்ட கலவை: பைன் பட்டை ஐந்து பங்கு, மரக்கரி இரண்டு பங்கு, ஸ்பாக்னம் பாசி ஒரு பங்கு. பைன் பட்டையை மரம் அறுக்கும் இடத்தில் இலவசமாக எடுத்துவந்து, கத்தரிக்கோலால் துண்டுகளாக நறுக்கி, அரை மணி நேரம் கொதிக்கவைத்து, ஒரு நாள் ஊறவிட்டேன். பட்டையை ஊறவிடாமல் போட்டால் முதல் இரண்டு மாதங்களுக்கு அது நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். குமிழ்களை இணைக்கும் தண்டு கலவையின் மேற்பரப்போடு சமமாக இருக்குமாறு வைத்தேன், புதைத்தால் அழுகும். 2022 ஜூன் 11 அன்று செடி மூன்றாம் வீட்டுக்குக் குடிபோனது. பதினாறு மாதங்களில் மூன்று முறை வேரை அசைத்திருக்கிறேன். இந்த இனம் இடம் மாற்றினால் ஓராண்டாவது முகம் திருப்பிக்கொள்ளும் என்பதைப் பிறகு புரிந்துகொண்டபோது, உப்பும் வறட்சியும் செய்த கேட்டில் பாதியாவது என் கைகள் செய்தது என்று தோன்றியது.

கூடையில் செடி தேறியது. அவ்வாண்டு ஆகஸ்டுக்குள் மூன்று புதுக் குமிழ்கள் திரண்டன. வாரம் ஒருமுறை தழை, மணி, சாம்பல் சத்துகள் சம அளவில் உள்ள 19:19:19 உரம், லிட்டருக்கு அரை கிராம். மற்ற நாள்களில் மழைநீர். அக்டோபரில் குமிழ்கள் முட்டை அளவுக்குப் பருத்து நின்றபோது, வரும் பிப்ரவரியில் பூ உறுதி என்று வீட்டில் சொல்லியும் வைத்தேன்.

நவம்பர் வந்தது. எங்கள் பக்கத்து நவம்பரை அறியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைக் கூடலூரும் உதகையின் மேற்குப் பக்கமும் வாங்கிக்கொள்ளும். தொட்டபெட்டா மலைத்தொடரின் கிழக்கு மறைவில் இருக்கும் கோத்தகிரிக்கு அடைமழை என்றால் வடகிழக்குப் பருவமழைதான். 2009 நவம்பரில் குன்னூர், கோத்தகிரிச் சாலைகள் சரிந்து, பல உயிர்களைக் கொண்டுபோனதும் அந்த மழைதான். 2022 நவம்பரில் என் குறிப்பேட்டில் மழை என்று எழுதாத நாள்கள் பன்னிரண்டே. கூடை நிழல்வலைக்குக் கீழே, வானம் பார்த்துத் தொங்கியது. வலை வெயிலை மறைக்கும், மழையை மறைக்காது.

முதலில் நான் மகிழ்ந்தேன். நவம்பர் கடைசியில் குமிழ்களின் அடியிலிருந்து நான்கு முளைகள் வந்தன. பூந்தண்டு என்று நினைத்துப் படமெல்லாம் எடுத்தேன். டிசம்பர் நடுவில் அவை விரிந்து இலைகளாயின. ஓய்வெடுக்க வேண்டிய மாதத்தில் செடி அடுத்த ஆண்டின் தளிரை முன்கூட்டியே விட்டிருந்தது. அந்தத் தளிர்கள் புனலைப் போல மேல்நோக்கித் திறந்திருந்ததால், ஒவ்வொன்றிலும் மழைநீர் தேங்கியது. இரவு ஒன்பது டிகிரிக் குளிரில் அந்த நீர் காயவே இல்லை. ஜனவரி முதல் வாரத்தில் நான்கில் மூன்று தளிர்கள் அடியில் கறுத்து, லேசாக இழுத்தபோதே கையோடு வந்துவிட்டன. கெட்ட வாடை, உட்புறம் பழுப்புக் கூழ். கேஸ் அடுப்புச் சுடரில் கத்தியைக் காட்டி, நல்ல திசு தெரியும்வரை சீவினேன். ஒரு குமிழும் போயிற்று. பூ ஒன்றுகூட இல்லை.

இதற்குள் எனக்கு உண்மையான துப்பைக் கொடுத்தது பக்கத்தில் தொங்கிய வேறொரு செடி. டென்ட்ரோபியம் நோபிலி, சிக்கிமின் மாநில மலர், அதே இமயமலைச் சரிவுகளைச் சேர்ந்தது. அவ்வாண்டு அதன் தண்டுகளின் கணுக்களில் பூ மொட்டு வரவேண்டிய இடங்களிலெல்லாம் வேரோடு கூடிய பக்கக்கன்றுகள் முளைத்திருந்தன. குளிர்காலத்தில் நீரும் உரமும் கொடுத்தால் நோபிலி பூவுக்குப் பதில் கன்று விடும் என்பது இதை வளர்ப்பவர்கள் எல்லோரும் சொல்லும் பாடம். நான் நீர் ஊற்றவில்லை. ஆனால் வானம் ஊற்றியிருந்தது. இரண்டு செடிகளும் ஒரே புகாரைத்தான் சொல்லின.

டார்ஜிலிங்கிலும் சிக்கிமிலும் ஜூன் முதல் செப்டம்பர் வரை கொட்டும் மழை, அக்டோபரில் ஓய்ந்து, நவம்பர் முதல் பிப்ரவரி வரை பெரும்பாலும் வறட்சியாகவே இருக்கும். இரவுப் பனியும் மூடுபனியும் மட்டுமே ஈரம். எங்கள் ஊரில் ஜூலையில் தூறல், நவம்பரில் அடைமழை. குளிர் இரண்டு பக்கமும் உண்டு, ஆனால் மழை அங்கே முடியும் மாதத்தில் இங்கே தொடங்குகிறது. இரண்டு ஆண்டுகளாகக் குளிரைப் பற்றியே குறிப்பெடுத்தவன் மழை நாள்காட்டியை ஒரு முறைகூடப் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. எங்கள் சோலைகளில் இருக்கும் சீலோஜினி நெர்வோசா மழைக்காலத்திலேயே பூக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையின் பிள்ளை, இங்குள்ள மழையோடு அதற்குப் பழக்கம். வடக்கிலிருந்து வந்ததற்கு ஒரு கூரை வேண்டும்.

2023 செப்டம்பரில் கூரை போட்டேன். எட்டடிக்கு ஆறடி, முன்புறம் ஏழடி உயரம், பின்புறம் ஆறடி, ஒரு அங்குல ஜிஐ பைப். மேலே வெயிலைத் தாங்கும் 200 மைக்ரான் பிளாஸ்டிக் விரிப்பான யூவி ஷீட், அதற்கு ஒரு அடி மேலே 50 சதவீத நிழல்வலை. ஷீட்டை ஆணியடித்தால் முதல் காற்றிலேயே கிழியும் என்பதால், பாலிஹவுஸ் எனும் பிளாஸ்டிக் பசுமைக்குடில் போடுபவர்கள் ஷீட்டை இறுக்கிப் பிடிக்கப் பயன்படுத்தும் அலுமினியச் சேனலும் ஜிக்ஜாக் ஸ்பிரிங்கும் கோயம்புத்தூரிலிருந்து வாங்கினேன். பைப் 4,200, வெல்டிங் 1,800, ஷீட் 1,150, வலை 780, சேனலும் ஸ்பிரிங்கும் 960. மொத்தம் 8,890 ரூபாய். 850 ரூபாய்ச் செடிக்குப் பத்து மடங்குக்கும் மேல் என்று வீட்டில் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அந்தக் கணக்கில் தவறில்லை.

தவறு வேறிடத்தில் இருந்தது. மழைச்சாரல் பக்கவாட்டில் அடிக்கிறது என்று, மிச்ச ஷீட்டால் மூன்று பக்கங்களையும் தரைவரை மூடினேன். அக்டோபரில் இரண்டு நாள் மழை நின்று வெயில் அடித்தபோது, உள்ளே இருந்த வெப்பமானியின் அதிகபட்ச முள் 36இல் நின்றது, வெளியே 23. இரவில் உட்புற ஷீட்டில் நீர் கோத்து, விடியலில் சொட்டுச் சொட்டாகச் செடிகளின் மீதே விழுந்தது. மழையைத் தடுக்கப் போட்ட கூரை தானே மழை பெய்தது. இலைகளில் ஊசிமுனைக் கரும்புள்ளிகள் தோன்றியதும், பக்கத்து ஷீட்டுகளை எல்லாம் கழற்றி, தென்கிழக்குப் பக்கத்தில் மட்டும் மேலிருந்து இரண்டடிக்கு ஒரு சாரல் தடுப்பாக விட்டேன். முன்புறச் சரிவை இன்னும் அரையடி கூட்டி வெல்டிங் செய்ததில் 400 ரூபாய் கூடுதல் செலவு. அதன் பிறகு உள்ளும் புறமும் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் வேறுபடவில்லை, சொட்டவும் இல்லை.

நீரை நிறுத்துவது எந்த அளவுக்கு என்பதுதான் அடுத்த கேள்வி. முழுக்க நிறுத்தினால் மே மாதத்துப் பேரீச்சை மறுபடி வரும். விரலை விட்டுப் பார்ப்பது, மூங்கில் குச்சி செருகிப் பார்ப்பது எல்லாம் பட்டைக் கலவையில் சரியாக வருவதில்லை. மேலே உலர்ந்தும் நடுவில் ஈரமாகவும் இருக்கும். பயணப் பெட்டி எடை பார்க்கும் தொங்கு தராசு ஒன்றை 320 ரூபாய்க்கு வாங்கி, கூடையை அதில் மாட்டி எடை பார்த்தேன். நன்றாக நனைத்து வடியவிட்ட பின் 5.1 கிலோ. பத்து நாள் கூரைக்கடியில் நீரே இல்லாமல் விட்டால் 3.5 கிலோ. இந்த இரண்டு எண்களும் தெரிந்த பிறகு ஊகம் என்பதே இல்லாமல் போயிற்று. கோடையிலும் மழையிலும், அதாவது ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை, 4.3க்குக் கீழே விடுவதில்லை. அக்டோபரில் 3.9 வரை விடுவேன். நவம்பர் நடுவிலிருந்து 3.5ஐத் தொட்டால் மட்டும், வெயில் உள்ள காலையில், மழைநீரை மெல்லிய தூறலாக ஐந்து நிமிடம் தெளிப்பேன். அது எடையை 3.7க்குக் கொண்டுவரும், அவ்வளவே. குமிழ்களில் நீளவாட்டில் மெல்லிய வரிகள் விழும். கை வைத்தால் கல்லைப் போல உறுதியாக இருக்கும்வரை அந்தச் சுருக்கத்துக்குப் பயப்பட வேண்டியதில்லை.

நான் தினமும் காலையில் கூடையை மாட்டி இறக்குவதைப் பார்த்து, "ஏங்க, இதென்ன ரேஷன் கடையா?" என்று என் மனைவி கேட்டார். ரேஷன் கடைத் தராசைவிட என்னுடையது துல்லியம் என்று மட்டும் பதில் சொன்னேன்.

2024 ஜனவரியில் முதன்முதலாக உண்மையான பூந்தண்டுகள் வந்தன, இரண்டு. இப்போது வேறுபாடு தெரிகிறது: இலைத்தளிர் கூர்மையாக, தட்டையாக, பச்சையாக மேல்நோக்கி எழும், பூந்தண்டு சற்றுப் பருத்து, காகிதம் போன்ற பழுப்புச் செதில்களால் மூடப்பட்டு, வந்தவுடனே பக்கவாட்டில் சாய்ந்து கீழே போகப் பார்க்கும். முந்தைய ஆண்டு நான் எடுத்த படங்களை எடுத்துப் பார்த்தபோது, அவற்றில் ஒன்றில்கூடப் பழுப்புச் செதில் இல்லை. அந்த இரண்டு தண்டுகளில் ஒன்றை ஒரே இரவில் ஏதோ கடித்துத் துண்டித்துவிட்டது. மறுநாள் இரவு பத்து மணிக்கு டார்ச்சோடு போய்ப் பார்த்தால், கூடையின் கீழ்ச் சட்டத்துக்கும் அடிச் சட்டத்துக்கும் இடையே சுண்டுவிரல் நீளத்தில் ஓடில்லா நத்தை ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. பகல் முழுவதும் தேக்கு இடைவெளியில் ஒளிந்திருக்க இதைவிட நல்ல வீட்டை யாரும் கட்டிக் கொடுத்திருக்க முடியாது. மீதமிருந்த தண்டின் அடியில் உலர்ந்த பஞ்சைத் தளர்வாகச் சுற்றினேன். நத்தை அதன் மீது ஏற விரும்புவதில்லை. பஞ்சு நனைந்தால் பயனில்லை என்பதால், தெளிக்கும்போது கழற்றி, பிறகு மறுபடி சுற்ற வேண்டும். அந்தத் தண்டில் நான்கு பூக்கள் மார்ச் முதல் வாரத்தில் விரிந்தன. மூன்று ஆண்டுகளுக்கு நான்கு பூ. ஆனாலும் வழி சரி என்பதற்கு அவை போதும்.

2024இல் புதிதாகச் செய்தவை மிகக் குறைவு. மார்ச்சில் பூ உதிர்ந்த பின் கலவையை மாற்றவில்லை, செடியைத் தொடவே இல்லை. ஜூன் முதல் தேதி யூவி ஷீட்டைச் சேனலிலிருந்து கழற்றிச் சுருட்டிவைத்து, தென்மேற்கு மழையில் கூடையை நேரடியாக நனையவிட்டேன். ஜூலையில் இங்கே தூறல் மட்டுமே என்பதால், இமயத்தில் கிடைக்கும் அளவை ஈடுசெய்ய ஒருநாள் விட்டு ஒருநாள் மழைநீரை வாளியிலிருந்து ஊற்றினேன். 500 லிட்டர் தொட்டி ஒன்றில் கூரைநீரைச் சேர்த்துவைத்திருந்தது இதற்கு உதவியது. ஆகஸ்டு வரை 19:19:19, செப்டம்பரில் நான்கு முறை சாம்பல் சத்து மிகுந்த 13:0:45, அதன் பிறகு உரமே இல்லை. செப்டம்பர் 28 அன்று ஷீட்டை மறுபடி மாட்டினேன். நவம்பரில் வலையை அகற்றி, ஷீட்டின் வழியாக வரும் வெளிச்சம் முழுவதும் படவிட்டேன். இலைகள் அடர்பச்சையிலிருந்து வெளிர்பச்சைக்கு மாறின, கருகவில்லை. பழைய குமிழ்கள் 13, புதியவை 11. 2025 ஜனவரி 5 அன்று முதல் பழுப்புச் செதில் தெரிந்தது. இருபதாம் தேதிக்குள் ஒன்பது. இரவு நத்தை வேட்டை தொடர்ந்து இருபத்திரண்டு நாள்கள், பிடித்தவை பதினேழு. மொட்டுகள் நகத்தளவு வந்ததும் தெளிப்பதையும் நிறுத்தி, கூடையின் அடியை மட்டும் ஒரு தட்டு நீரில் இரண்டு நிமிடம் தொடவிட்டு எடுத்தேன். வெள்ளைப் பூவில் ஒரு சொட்டு நீர் இரவு முழுவதும் நின்றாலும் காலையில் பழுப்புக் கறையாகிவிடும். பூக்கள் நான்கு வாரங்கள் நின்றன.

பக்கத்தில் தொங்கும் நோபிலியும் அதே கூரைக்கடியில், அதே வறட்சியில், அவ்வாண்டு கன்று ஒன்றுகூட விடவில்லை. ஏழு தண்டுகளில் மொட்டு.

அடுத்த முறை முதலிலிருந்து தொடங்குவதானால், பிளாஸ்டிக் தொட்டியும் சில்வர் ஓக் கட்டையும் இல்லாமல் நேரே கூடைக்குப் போவேன், கூடையை வாங்குவதற்கு முன்பே கூரையைப் போடுவேன். கூடையின் சட்ட இடைவெளியை முக்கால் அங்குலத்திலிருந்து ஒரு அங்குலமாக்குவேன். பட்டைத் துண்டு விழாது, நத்தைக்கு ஒளிய இடம் குறையும். ஷீட்டைக் கழற்றி மாட்டுவதில் ஆண்டுக்கு இரண்டு அரைநாள்கள் போகின்றன, ஒவ்வொரு முறையும் ஸ்பிரிங் ஏறிய இடத்தில் ஷீட் கொஞ்சம் தேய்கிறது. பாலிஹவுஸ்களில் பக்கத் திரையைச் சுற்றி ஏற்றும் கைப்பிடியோடு கூடிய பைப்பை மேலேயே பொருத்திவிட்டால் ஷீட்டைச் சுருட்டி ஏற்றவும் இறக்கவும் ஐந்து நிமிடம் போதும். விசாரித்ததில் அதற்கு இன்னும் 2,600 ரூபாய் ஆகும் என்றார்கள்.

இப்போது வேர்கள் கூடையின் எல்லாச் சந்துகளிலிருந்தும் வெளியே வந்து, வெள்ளைத் தாடியைப் போலத் தொங்குகின்றன. இருபத்து நான்கு குமிழ்களைப் பிரித்து நான்கு பேருக்குக் கொடுக்கும்படி கேட்கிறார்கள், பிரிக்கப்போவதில்லை. பதினாறு அங்குலக் கூடை ஒன்றுக்குத் தச்சரிடம் சொல்லியிருக்கிறேன். பழைய கூடையை அப்படியே அதற்குள் இறக்கி, சுற்றிலும் உள்ள இடத்தில் மட்டும் ஊறவைத்த பட்டையை நிரப்புவதாகத் திட்டம். புதுத் தளிர்கள் ஒரு அங்குலம் வந்து, அவற்றின் அடியில் வேர் முனைகள் தெரியும் வாரத்தில் அதைச் செய்ய வேண்டும். நேற்றுக் காலை பார்த்தபோது தளிர் அரை அங்குலம்தான் இருந்தது, கூடை 4.4 கிலோ.